வரவேற்பறையில் விறகுக் கணப்பு: சுற்றியுள்ள இடத்தை எப்படி அமைப்பது?

நானுஓயா வீட்டுக்காரி

அனைவருக்கும் வணக்கம். நானுஓயாவில் உள்ள எங்கள் வீட்டின் வரவேற்பறை மூலையில், கண்ணாடிக் கதவுள்ள வார்ப்பிரும்பு விறகுக் கணப்பு ஒன்றை வைக்க முடிவு செய்துள்ளோம். அறை 14 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்டது. செங்கற் சுவர்களின் கீழ்ப்பாதியில் மாமனார் காலத்துப் பலகை அடித்திருக்கிறது. மேலே பிளைவுட் சீலிங், அதற்கும் மேலே அஸ்பெஸ்டஸ் கூரை. பின்சுவருக்குக் கருங்கல் பதிப்பதா, பலகையின் மேலேயே டைல்ஸ் ஒட்டுவதா, கணப்புக்கு மேலே தொலைக்காட்சியை மாட்டலாமா, விறகை அறைக்குள்ளேயே அழகாக அடுக்கலாமா என்று வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். மாமியாரோ சாமிப் படத்தை அந்தச் சுவரில்தான் மாட்ட வேண்டும் என்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ஹட்டன் பாஸ்

சகோதரி, கல்லையும் நிறத்தையும் தெரிவு செய்வதற்கு முன் அளவு நாடாவைக் கையில் எடுங்கள். இவ்வகைக் கணப்புக்கும் எரியக்கூடிய பொருள்களுக்கும் இடையே 36 அங்குல இடைவெளி விடுவது பொது விதி. கணப்போடு வரும் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பலகை, திரைச்சீலை, சோபா எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும் என்பதால், 12 அடி அகல அறையில் எது எங்கே இருக்கலாம் என்பதை இந்த அளவே பெரும்பாலும் தீர்மானித்துவிடும்.

பலகையின் மேல் டைல்ஸ் ஒட்டுவது வேண்டவே வேண்டாம். டைல்ஸ் எரியாதுதான், ஆனால் சூடு அதனூடாகப் பலகைக்குப் போய்ச் சேரும். ஆண்டுக்கணக்கில் சூடேறிக் காய்ந்த பலகை, புதுப் பலகையைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். மூலையின் இருபுறமும் பலகையைக் கழற்றிச் செங்கல்லை வெளியே கொண்டுவருவதே நல்லது. பலகை இருந்தே ஆக வேண்டுமென்றால், அதிலிருந்து 1 அங்குலம் தள்ளி, கீழும் மேலும் காற்றோடும்படி 24 கேஜ் தடிப்புள்ள இரும்புத் தகடு ஒன்றை நிறுத்துங்கள். அப்போது 36 அங்குலத்தை 12 வரை குறைக்கலாம்.

கூரையில்தான் நம் பக்கத்தில் அதிகம் கோட்டை விடுகிறார்கள். அஸ்பெஸ்டஸை கிரைண்டரால் வெட்ட விடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு. புகைபோக்கி வரும் இடத்திலுள்ள தகட்டை உடையாமல் முழுதாகக் கழற்றி, பதிலுக்குத் தகரம் போட்டு, அதில் துளையிடுங்கள். சீலிங்கைக் கடக்கும் இடத்தில் இரட்டைச் சுவர்க் குழாய் அவசியம். குழாய் கூரையிலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும். 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தென்மேல் பருவக்காற்று அடிக்கும்போது புகை அறைக்குள்ளேயே திரும்பும்.

அப்புத்தளை மாலா

பாஸ் அண்ணன் சொன்ன அளவுகள் முடிந்த பிறகு அழகைப் பற்றிப் பேசலாம். சுவர் முழுவதும் கருங்கல் பதித்தால், மத்தியானத்திலேயே மூடுபனி இறங்கும் நம் ஊரில் அறை இருண்டுபோகும். கணப்பின் அகலத்துக்கும் சற்றுக் கூடுதலாக, கொத்திய கருங்கல்லைச் சீலிங் வரை ஒரு பட்டையாக எழுப்பி, மீதிச் சுவருக்கு வெள்ளை அல்லது வெண்மஞ்சள் பூசுங்கள். அடித்தளத்துக்கு மட்டும் பளபளப்பான கறுப்புக் கல் வேண்டாம். ஒவ்வொரு துளிச் சாம்பலும் அதில் தெரியும். அத்தளம் கதவுக்கு முன்னால் 18 அங்குலமாவது நீண்டிருந்தால், தெறிக்கும் பொறி தரைவிரிப்பில் விழாது.

தொலைக்காட்சியைப் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். மேலெழும் சூடு அதற்கு ஆகாது. கதிரைகளைக் கணப்பு, தொலைக்காட்சி இரண்டையும் நோக்கிச் சற்றுச் சாய்வாகப் போடலாம். மாமியாரிடம், அந்தச் சூட்டில் சாமிப் படம் சட்டத்துக்குள்ளேயே சுருண்டுவிடும் என்று சொல்லிப் பாருங்கள், வேறு சுவருக்கு அவரே சம்மதிப்பார். நேரமிருந்தால் எங்கள் அப்புத்தளையில் 1931இல் கட்டி முடிக்கப்பட்ட அடிஷாம் பங்களாவை ஒருமுறை பார்த்து வாருங்கள். கல்லும் மரமும் ஒரே அறையில் எப்படிப் பொருந்துகின்றன என்பது நேரில் பார்த்தால்தான் விளங்கும்.

வெலிமடை விறகு

விறகு அலங்காரப் பொருளல்ல. மூட்டுவதற்குக் கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியை வெட்டிவிடும்போது கிடைக்கும் குச்சி) போதும்; ஆனால் அது சட்டென்று எரிந்து தீரும். நின்று எரிய யூகலிப்டஸ் நல்லது, பிளந்து கூரைக்கடியில் ஓராண்டாவது காய வைத்தால். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்காத விறகு, கண்ணாடியைக் கறுப்பாக்கிப் புகைபோக்கியில் தார் போன்ற கசடைப் படியவிடும்; அந்தக் கசடே பிறகு தீப்பிடிக்கும். ஆகவே இரண்டு மூன்று நாளுக்கான விறகை மட்டும், கணப்பிலிருந்து எட்ட, இரும்புச் சட்டத்தில் அடுக்குங்கள். கறையானும் உள்ளே குடியேறாது. அடைத்த அறையில் தெரியாமலே சேரும் நச்சு வாயுவான கார்பன் மொனொக்சைட்டுக்கு எச்சரிப்புக் கருவி ஒன்றையும் வாங்கி வையுங்கள். குளிருக்குப் பயந்து யன்னல் இடுக்குகளில் துணி திணிப்பவர்கள் நம்மில் பலர்.

நானுஓயா வீட்டுக்காரி

மிக்க நன்றி. ஒரு புறம் பலகையைக் கழற்றிக் கருங்கற் பட்டை எழுப்புவது, மறுபுறம் தகடு நிறுத்துவது என்று தீர்மானித்துள்ளோம். அந்தத் தகட்டுக்குச் சாதாரணக் கறுப்புப் பெயின்ட் அடிக்கலாமா?

ஹட்டன் பாஸ்

வேண்டாம், வெப்பம் தாங்கும் பெயின்டையே கேட்டு வாங்குங்கள். முதல் சில தடவை மூட்டும்போது அதிலிருந்து கடுமையான வாடை வரும். நெருப்பைச் சிறிதாக வைத்து, யன்னல்களைத் திறந்து விடுங்கள்.