ஏரிக்கரையின் வெளியடிவாரத்தில் கசிவு: களிமண் கொட்டி அடைக்கலாமா?

கேள்வி – வயல்வரப்பு

செங்கல்பட்டு மாவட்டம். ஆயக்கட்டு (ஏரியால் பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்குக் கீழே என்பதால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ள ஏரி. கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 50 கி.மீ. மழைத்தண்ணீர் வந்து சேரும் பரப்பு 3.5 சதுர கி.மீ.

கரை உயரம் 4.5 மீட்டர், மேல் அகலம் 2.5 மீட்டர், உள்சரிவு 1.5க்கு 1 (கிடைமட்டம் 1.5, உயரம் 1), வெளிச்சரிவு 2க்கு 1. கலிங்கு (ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் கட்டுமானம்) 20 மீட்டர் நீளம். கலிங்கு மட்டத்துக்கு மேல் கரை 1.5 மீட்டர் நிற்கிறது, ஆனால் இரண்டு இடத்தில் 45 செ.மீ. வரை அமுங்கிக் கிடக்கிறது.

ஏரி இப்போது முக்கால்வாசி நிரம்பிவிட்டது. மதகுக்கு (பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வாய்) கிழக்கே 6 மீட்டர் தள்ளி, வெளியடிவாரத்தில் 2க்கு 3 மீட்டர் அளவுக்கு ஈரம், கால் வைத்தால் புதைகிறது. ஊரில் மூன்று பேச்சு ஓடுகிறது:

1. ஈரம் உள்ள இடத்தில் களிமண் கொட்டி மிதித்து அடைத்துவிடலாம்.
2. கலிங்கு மேல் ஒரு அடி உயரத்துக்கு மண் மூட்டை அடுக்கினால் நவரைப் பட்ட நெல்லுக்குத் தண்ணீர் மிஞ்சும்.
3. கரையில் நிற்கும் சீமைக்கருவேலையும் வேம்பையும் இப்போதே வெட்டிவிடலாம்.

எது சரி?

பதில் 1 – மதகடி

மூன்றுமே இப்போது வேண்டாம். இரண்டாவது மற்ற இரண்டையும்விட ஆபத்து, அதை வேறு யாராவது கணக்கோடு சொல்வார்கள். நான் கசிவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மண்கரை என்றால் கசியத்தான் செய்யும். தண்ணீர் வெளியே வருவது பிரச்சினை இல்லை, தண்ணீரோடு மண் வருவதுதான் பிரச்சினை. வெளிப்பக்கம் களிமண்ணால் அடைத்தால் தண்ணீர் நிற்காது. கரைக்குள் ஈரமட்டம் ஏறி, இன்னும் மேலே, சரிவின் நடுவில் வெடித்து வரும். அப்போது சரிவே வழுக்கி இறங்கும். அடைப்பதாக இருந்தால் தண்ணீர் நிற்கும் உள்பக்கம் அடைக்க வேண்டும். வெளிப்பக்கத்தில் தண்ணீரைப் போகவிட்டு மண்ணைப் பிடித்து வைக்க வேண்டும்.

உங்கள் அளவுகளை வைத்துப் பார்த்தால், ஏரி நிரம்பினால் 3 மீட்டர் ஆழம். தண்ணீர் விளிம்பிலிருந்து வெளியடிவாரம் வரை கிடைமட்டத் தூரம் 2.25 + 2.5 + 9 = 13.75 மீட்டர். களிமண் கலந்த மண்ணில் ஈரக்கோடு (கரைக்குள் கசியும் தண்ணீரின் மேல்மட்டம்) 4க்கு 1 இறங்கும் என்று எடுத்தால் 12 மீட்டரில் தரையைத் தொட்டுவிடும், கரைக்குள்ளேயே அடங்கும். மணல்பாங்கான மண்ணில் 6க்கு 1, அதாவது 18 மீட்டர் வேண்டும். உங்கள் கரை அதற்குப் போதாது, முக்கால் ஏரியிலேயே ஈரம் தெரிவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: ஈரத்தின் தாழ்வான ஓரத்தில் 2 அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து பதித்து, கசிவு முழுவதும் அதன் வழியே வருகிற மாதிரி செய்யுங்கள். கடப்பாரை போட்டுத் தோண்ட வேண்டாம், கையால் ஒதுக்கினால் போதும். 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை வினாடி என்று காலை, மாலை இரண்டு வேளையும் குறியுங்கள், பக்கத்திலேயே ஏரி மட்டத்தையும் எழுதுங்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, அடியில் மண் படிகிறதா பாருங்கள். ஏரி மட்டம் மாறாமல் கசிவு கூடினால், தண்ணீர் தெளிவாக இருந்தாலும் உள்ளே பாதை அகலமாகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வடிகட்டி. ஈரத்தைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் கூடுதலாக, 4க்கு 5 மீட்டர் இடம். புல்லை மட்டும் செதுக்குங்கள். முதலில் 15 செ.மீ. ஆற்று மணல், அதன் மேல் 15 செ.மீ. 12 எம்எம் ஜல்லி, அதன் மேல் 30 செ.மீ. 40 எம்எம் ஜல்லி. கிட்டத்தட்ட ஒரு யூனிட் (100 கன அடி) மணல், ஒரு யூனிட் சின்ன ஜல்லி, இரண்டு யூனிட் பெரிய ஜல்லி. வரிசை மாறினால் மணல் ஜல்லிக்குள் இறங்கி வேலை வீண். எம்-சாண்ட் என்றால் கழுவியது மட்டும். தூசியோடு போட்டால் அதுவே அடைப்பாகிவிடும்.

பதில் 2 – சரளைமண்

மதகு பக்கத்தில் என்பதால் ஒன்று சேர்த்துப் பாருங்கள். மதகின் கட்டுமானமும் கரை மண்ணும் சேரும் இடத்தில் ரோலர் ஏறாது, கையால் இடித்த மண்தான் இருக்கும். கரை துளைபட்டு உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு, மதகுக் குழாயின் வெளிவாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் கொஞ்சம் வந்தால் ஷட்டர் ஒழுக்கு. மண் கலந்து வந்தால் குழாயில் விரிசல் விட்டு, மேலுள்ள கரை மண் உள்ளே கொட்டுகிறது. குழாய் போகும் கோட்டுக்கு நேர் மேலே கரையில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பள்ளம் இருந்தால் அன்றே தண்ணீரைக் குறைக்கத் தொடங்க வேண்டும். ஒரே மூச்சில் இறக்கினால் நனைந்த உள்சரிவு சரியும், நாளைக்கு 30 செ.மீ. என்ற கணக்கில் இறக்கினால் நல்லது. கரையே போகிற நிலை வந்தால் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, திறந்துவிட வேண்டியதுதான்.

தரையில் கொப்பளித்துக்கொண்டு மண்ணோடு ஊற்று வந்தால், அதைச் சுற்றி மூட்டையால் கிணற்று உறை மாதிரி வளையம் கட்டுங்கள். உள்விட்டம் ஒன்றரை மீட்டர், மூட்டையில் முக்கால்வாசிக்கும் குறைவாக மண், செங்கல் கட்டுவதுபோல் இணைப்பு மாற்றி அடுக்க வேண்டும். உள்ளே தண்ணீர் மட்டம் ஏற ஏற மண் வருவது குறையும். மண் நின்றதும் அந்த உயரத்தில் ஒரு குழாய் வைத்து வழியவிடுங்கள். தண்ணீரே நிற்கும் வரை உயர்த்தினால் ஊற்று பக்கத்தில் வேறு இடத்தில் கிளம்பும்.

பதில் 3 – மறுகால்

கலிங்கு கணக்கு என் பங்கு.

ரைவ்ஸ் சூத்திரப்படி (தண்ணீர் வரும் பரப்பை வைத்து வெள்ளத்தைக் கணிப்பது: கெழு × பரப்பின் 2/3 அடுக்கு), கடற்கரையிலிருந்து 80 கி.மீ.க்குள் கெழு 6.8. பரப்பு 3.5 சதுர கி.மீ. என்றால் வினாடிக்குச் சுமார் 15.7 கன மீட்டர் வெள்ளம். உங்கள் 20 மீட்டர் கலிங்கின் மேல் 60 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் போனால் (1.7 × நீளம் × உயரத்தின் 1.5 அடுக்கு) 15.8 கன மீட்டர் போகும். அதாவது சரிக்குச் சரி, மிச்சம் எதுவும் இல்லை.

இப்போது 30 செ.மீ. மூட்டை அடுக்குங்கள். அதே மட்டத்தில் கலிங்கு தாண்டுவது 5.6 கன மீட்டர்தான். மீதி வெள்ளம் ஏரியில் தேங்கி, கலிங்கு மட்டத்துக்கு மேல் 90 செ.மீ. வரை ஏறினால்தான் முழு வெள்ளமும் வெளியேறும். கரை 1.5 மீட்டர் என்கிறீர்கள், ஆனால் அமுங்கின இடத்தில் 1.05 மீட்டர்தான். மிஞ்சுவது 15 செ.மீ. அதைக் காற்றில் எழும் அலையே தாண்டும். கரை மேல் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் வெளிச்சரிவு அடியிலிருந்து அரித்துக்கொண்டு வரும். உங்கள் ஏரி உடைந்தால் கீழே உள்ள ஏரிக்கும் அந்தத் தண்ணீர் மொத்தமாகப் போய்ச் சேரும். அதன் கலிங்கு இதற்காகக் கட்டினது இல்லை.

கலிங்கின் அணைக்கற்களுக்கு (மேலே வரிசையாக நட்டிருக்கும் கற்கள்) நடுவே வைக்கோலும் மண்ணும் திணித்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். மறுகால் வாய்க்காலில் (கலிங்கு தாண்டின தண்ணீர் போகும் வாய்க்கால்) முதல் 100 மீட்டரில் கருவேல் மண்டியிருந்தால், கலிங்கின் கீழ்ப்பக்கம் தண்ணீர் முட்டி நின்று மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாமல் போகும். இந்த வாரமே ஆள் வைத்து வெட்ட வேண்டியது அங்கேதான்.

அமுங்கின இடங்களை ரசமட்டக் குழாய் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து அளந்து, கரையின் உள் ஓரமாக இரண்டு வரிசை மூட்டை அடுக்கி, உள்முகத்தில் தார்ப்பாய் போடுங்கள். அது இந்தப் பருவத்துக்கு மட்டும்.

பதில் 4 – பனைவிதை

மரம்: பெரிய வேம்பை இப்போது தொடாதீர்கள். வெட்டினால் வேர் உள்ளே மக்கி, சில வருஷத்தில் கரையின் குறுக்கே ஓட்டையாக நிற்கும். காற்றில் சாய்ந்து கரையைப் பெயர்க்காமலிருக்கக் கிளைகளைக் கழித்துவிடுங்கள், போதும். கோடையில் தண்ணீர் வற்றினதும் தூரோடு எடுத்து, கட்டைவிரல் பருமனுக்கு மேலான வேரையெல்லாம் தோண்டி, குழியின் பக்கங்களைப் படிபடியாக வெட்டி, 15 செ.மீ. அடுக்காக மண் போட்டு இடிக்க வேண்டும். எலிவளை, நண்டுவளைக்கும் இதே முறைதான். வளையின் வாயில் மண் அள்ளிப் போட்டு மிதிப்பது கண்துடைப்பு. வளையைத் தோண்ட முடியாத இடத்தில் களிமண் கரைசலை ஊற்றி, இறங்க இறங்க மறுபடி ஊற்றுங்கள்.

வெளியடிவாரத்துக்கு அப்பால் ஒரு வரிசை பனை வைக்கலாம். சரிவில் அருகம்புல்லும் வெட்டிவேரும் போதும்.

பதில் 5 – மதகடி

பனை நல்ல மரம்தான், ஆனால் கசிகிற இடத்தில் வைக்காதீர்கள். மட்டையும் வேரும் சேர்ந்து ஈரத்தை மறைத்துவிடும், எதையும் பார்க்க முடியாது.

வயல்வரப்பு

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி அளந்தோம். வாளி நிரம்ப 50 வினாடி, பாட்டிலில் மண் படியவில்லை. மதகுக் குழாயில் தெளிந்த தண்ணீர்தான் வருகிறது, மேலே பள்ளம் இல்லை. கோடையில் தூர்வாரும்போது அந்த வண்டலையே கரைக்குப் போட்டு உயர்த்தலாமா?

பதில் 6 – சரளைமண்

நிமிஷத்துக்கு 12 லிட்டர், தெளிவு. வடிகட்டி போட்டுவிட்டு அளவெடுப்பதைத் தொடருங்கள்.

வண்டலைத் தனியாகப் போட வேண்டாம், காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும். கிராவலோடு (சரளை மண்) கலந்து போடுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் பிசுபிசுக்கக் கூடாது. அந்த ஈரத்தில் 15 செ.மீ. அடுக்காக உருட்டுங்கள். பழைய சரிவில் புல்லைச் செதுக்கிப் படி வெட்டாமல் மேலே கொட்டினால், புது மண் தனித்தோலாக உரிந்து வரும். மேலே உயர்த்துவதைவிட, உங்களுக்கு முதலில் வேண்டியது வெளிப்பக்கத் தாங்குகரை (கரையடிக்கு முட்டுக்கொடுக்கும் மண்மேடை): வடிகட்டிக்கு மேல், ஒன்றரை மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம்.

பொக்லைன்காரர் கரையடியிலேயே ஆழமாகத் தோண்டப் பார்ப்பார், அவருக்கு நடை மிச்சம். உள்ளடிவாரத்திலிருந்து குறைந்தது 20 மீட்டருக்கு வண்டலைத் தொடவிடாதீர்கள். அடியில் படிந்த அந்தக் களிதான் கசிவைத் தடுக்கிறது. பல ஏரிகளில் தூர்வாரின அடுத்த மழையிலேயே புதுக் கசிவு கிளம்புவது இதனால்தான்.

பதில் 7 – மறுகால்

அளவெடுத்த தாளை ஒன்றியப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள், வாளிக் கணக்கோடு. இரவில் கசிவு கலங்கினால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. மதகுச் சாவி யார் வீட்டில் இருக்கிறது என்பது ஊரில் நாலு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.