அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர்: காதில் மாட்டும் நரம்புத் தூண்டல் கருவி வாங்கலாமா?

மதுரைக்காரி: அப்பாவுக்கு 67 வயது. நான்கு வருடத்துக்கு முன் மாரடைப்பு, இப்போது எக்கோவில் பம்பிங் 30 சதவீதம். ஆறு படி ஏறினால் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிடுகிறார். இரவில் மூச்சு முட்டாமல் படுக்க மூன்று தலையணை வேண்டியிருக்கிறது. மாத்திரைகளை நானே எடுத்துக் கொடுக்கிறேன். தம்பி ஒரு வீடியோ அனுப்பினான்: காதில் கிளிப் மாட்டி வேகஸ் நரம்பைத் தூண்டினால் உடம்பின் அழற்சி அடங்குமாம், இதயம் தேறுமாம். விலை அப்பாவின் ஒரு மாதப் பென்ஷன். வாங்கச் சொல்லி அப்பா நச்சரிக்கிறார். என்ன செய்ய?

எக்கோ அறை: அக்கா, நான் எக்கோ எடுக்கும் டெக்னீஷியன், டாக்டர் இல்லை. வீடியோவில் சொல்வதற்கு அடிப்படை உண்டு. இதயம் தளர்ந்தால் உடம்பு, துடிப்பை வேகப்படுத்தும் சிம்பதெடிக் நரம்புகளை ஓயாமல் முடுக்கும், அதை நிதானப்படுத்தும் வேகஸின் பிடி நழுவும். முற்றிய ஹார்ட் ஃபெயிலியரில் டி.என்.எஃப் என்ற அழற்சிப் புரதம் ரத்தத்தில் ஏறியிருப்பதை 1990-லேயே பார்த்தார்கள். 2000-இல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் டிரேசியின் குழு எலிகளில் வேகஸைத் தூண்டி அதைக் குறைத்தது.

மனிதர்களிடம் வந்தபோதுதான் சிக்கல். கழுத்தில் வேகஸைச் சுற்றி மின்முனை வைக்கும் ஆந்தம் ஆய்வு நம் நாட்டில் 10 மையங்களில், 60 பேரிடம் நடந்தது. ஆறு மாதத்தில் பம்பிங் சராசரியாக 4.5 புள்ளி கூடியது. ஆனால் ஒப்பிட, கருவி வைக்காத ஒரு குழு இல்லை. 2016-இல் வெளியான இனோவேட் ஆய்வில் 707 பேர். இறப்போ நோய் முற்றுவதோ, கருவி வைத்தவர்களில் 30.3 சதவீதம், வைக்காதவர்களில் 25.8. பலன் தெரியாததால் பாதியிலேயே நிறுத்தினார்கள். நடை தூரமும் வாழ்க்கைத் தரமும் மட்டும் கொஞ்சம் தேறின.

காது கிளிப்பில் நம்பிக்கை தந்த 52 பேர் ஆய்வு, பம்பிங் குறையாமல் இதயம் விறைத்துப்போகிற வகைக்கு. தினம் ஒரு மணி நேரம், மூன்று மாதம் போட்டதில் டி.என்.எஃப் குறைந்தது. அப்பாவின் வகை வேறு, அக்கா. அந்தப் புரதத்தை மருந்தால் தடுத்த ஆய்வுகளும் கைகொடுக்கவில்லை. ஒன்றில் அதிக டோஸ் வாங்கியவர்கள் மோசமானார்கள்.

ஓய்வுபெற்ற தபால்காரர்: எனக்கும் பம்பிங் 30தான் அம்மா. மார்பில் ஐ.சி.டி இருக்கிறது, துடிப்பு ஆபத்தாகத் தடுமாறினால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி. அப்பாவுக்கும் அப்படி ஏதாவது வைத்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் எந்த மின் கருவியும் வேண்டாம். மூன்று தலையணை பற்றி அவரிடம் சொன்னீர்களா? காலையில் எடை பார்த்து எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடனே கூப்பிடுங்கள். என்னை இரண்டு முறை காப்பாற்றியது அந்த நோட்டுதான்.

மதுரைக்காரி: தலையணை விஷயத்தைச் சொல்லவே இல்லை ஐயா. இப்போதுதான் போன் செய்தேன், நாளைக் காலையிலேயே வரச் சொன்னார்கள். எடை மெஷின் வாங்கத் தம்பி கடைக்குப் போயிருக்கிறான். கிளிப்பை ஆர்டர் செய்யவில்லை.