நான் 'பார்த்துப் படிக்கிற வகை'யாம், ஆனால் மனதில் நிற்கவில்லையே?

கேள்வி:
இணையத்தில் ஒரு கேள்வித்தாளை நிரப்பியதில் நான் 'பார்த்துப் படிக்கிற வகை' என்று வந்தது. அதை நம்பி ஒரு மாதமாக உயிரியல் குறிப்பு முழுக்க வண்ணப் பேனாவால் கோடு போடுவதும் வீடியோ பார்ப்பதுமாகவே படிக்கிறேன். போன தேர்வில் நெஃப்ரான் (சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகு) படம் கேட்டார்கள். இடது பக்கம், மேலே, ரோஸ் கலரில் கோடு போட்டது அப்படியே கண்ணில் நிற்கிறது, ஆனால் அங்கே என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் வரவே இல்லை. கேட்டுப் படிக்கிற வகைக்கு மாறிப் பார்க்கலாமா?

பதில் 1:
மாற வேண்டாம், அந்த வகைப் பிரிப்பையே தள்ளி வையுங்கள். பார்ப்பது, கேட்பது, வாசித்து எழுதுவது, செய்து பார்ப்பது என்று நான்காகப் பிரிக்கும் வார்க் (VARK) முறையை நீல் ஃபிளெமிங் என்ற கல்வியாளர் 1992 வாக்கில் முன்வைத்தார். உங்களுக்கு எது பிடிக்கும் என்று அது சொல்லும், எப்படிப் படித்தால் மனதில் நிற்கும் என்று சொல்லாது. 2008இல் ஹரால்ட் பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, அவரவர் வகைக்கு ஏற்பப் பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே எழுதினார்கள். எப்படிப் படிப்பது என்பதைப் பாடம்தான் முடிவு செய்யும்: உச்சரிப்பைக் காதால் கேட்டே ஆகவேண்டும், நெஃப்ரானைப் படமில்லாமல் யாருக்கும் புரியாது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. கோடு போட்ட பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் பழகிப்போகும், அந்தப் பழக்கத்தைத் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் ஏமாந்தேன். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் செய்த சோதனையில் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களிடம்தான் அதிகம் மிஞ்சியிருந்தது. புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் வரையுங்கள். விட்டுப்போனதை மட்டும் பாருங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும்.

பதில் 3:
நான் ஆசிரியர், ஒன்று சேர்க்கிறேன். பிடித்த வழியில் ஆரம்பிப்பதில் தப்பே இல்லை, உட்கார மனசு வரும். ஆனால் எழுத்தைக் கூட்டி வாசிக்கவே ஒரு பிள்ளை திணறினால் அதை 'கேட்டுப் படிக்கிற வகை' என்று விட்டுவிடாதீர்கள். டிஸ்லெக்சியாவாகவோ (வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) பார்வைக் கோளாறாகவோ இருக்கலாம், அதைப் பரிசோதித்தே ஆகவேண்டும்.

கேட்டவர்:
இப்போதுதான் மூடிவைத்து வரைந்து பார்த்தேன். பௌமன் கிண்ணம் வரை வந்தது, அப்புறம் ஹென்லே வளைவு மொத்தமாகக் காணோம். நாளை மறுநாள் திரும்ப வரைகிறேன்.