கவிழ்த்தால் விழும் ஷிஃபான் கேக்: பேன்தான் தப்பா?

கொழிஞ்சாம்பாறையில் இருந்து எழுதுகிறேன். மூன்று வாரமாக ஷிஃபான் கேக் (முட்டை வெள்ளையை நுரைக்க அடித்துச் சேர்க்கும், பஞ்சு மாதிரியான எண்ணெய் கேக்) என்னை ஏய்க்கிறது. ஓவனில் நன்றாக எழும்புகிறது. ஆறவைக்கத் தலைகீழாகக் கவிழ்த்த பத்தாவது நிமிடம் தொப்பென்று தட்டில் விழுந்து அடை மாதிரி அமுங்கிவிடுகிறது.

என்னிடம் இருப்பது 10 அங்குல பண்ட் பேன், அதாவது நடுவில் குழல் உள்ள வளைய வடிவ கேக் பாத்திரம். கறுப்பு நான்ஸ்டிக், சுற்றிலும் வரிவரியாகப் பள்ளம். ஓடிஜி (மேசைமேல் வைக்கும் மின் ஓவன்) 28 லிட்டர். 6 முட்டை, 170 டிகிரி, 50 நிமிடம். இதே பேனில் வெண்ணெய் கேக் அச்சு அசலாக வருவதால் பேன்மேல் சந்தேகமே வரவில்லை.

முதல் தடவை வெண்ணெய் தடவி மாவு தூவினேன். அடுத்து எதுவுமே தடவவில்லை, அப்போதும் வழுக்கியது. 160க்குக் குறைத்து 10 நிமிடம் கூட்டினேன். ஓரம் கருகுவது நின்றது, விழுவது நிற்கவில்லை. அப்புறம் 9 அங்குல ஸ்பிரிங்ஃபார்மில் (பக்கச் சுவர் கழலும், நடுக்குழல் இல்லாத வட்டப் பாத்திரம்) ஊற்றினேன். ஓரம் வெந்து, நடுவில் களி. நடுக்குழல் எதற்கென்று அன்றுதான் புரிந்தது.

மாவு சுவரைப் பிடித்துத்தான் ஏறும், நான்ஸ்டிக்கில் பிடி கிடைக்காது என்கிறாள் அத்தை மகள். பாலக்காட்டுக் கடைக்காரரோ, "எல்லாம் ஒண்ணுதான்" என்கிறார்.

அடி கழலும், பூச்சில்லாத அலுமினிய டியூப் பேன் வாங்கியே ஆக வேண்டுமா, இந்தப் பண்ட் பேனிலேயே ஷிஃபானை நிறுத்த வழி இருக்கிறதா?