பழைய காரில் எஞ்சின் சூடேறும் கோளாறு: உறுப்பினர் அனுபவங்கள்

மதுரை உறுப்பினர் (மாருதி 800, 1997, கார்புரேட்டர் வண்டி)

இருபது வயதைத் தாண்டிய காரை வைத்திருப்போர் சந்தித்துக்கொண்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ரேடியேட்டரில்தான் வந்து நிற்கிறது. ஆகையால் இந்த இழையில் எஞ்சின் சூடேறுவதைப் பற்றி மட்டும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். என்ன வண்டி, எந்தச் சூழலில் சூடேறியது, மெக்கானிக் முதலில் எதை மாற்றினார், உண்மையான கோளாறு எதில் இருந்தது ஆகியவற்றைச் சொன்னால் அடுத்தவருக்கு உதவும். "மாற்றினேன், சரியாகிவிட்டது" என்று ஒரு வரியில் முடித்தால் யாருக்கும் பயனில்லை.

என் வண்டியிலிருந்தே தொடங்குகிறேன். இதை எனக்கு விற்றவர், "இந்த வண்டி சூடே ஆகாது சார், தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டாச்சு" என்று அதை ஒரு சிறப்பு அம்சமாகவே சொன்னார். எஞ்சின் போதிய சூட்டை எட்டும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு அது. அவர் சொன்னபடியே, டேஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள் அடிக்கோட்டை விட்டு எழவே இல்லை. ஆனால் காலையில் இழுத்த சோக்கை (குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலின் பங்கைக் கூட்டித் தரும் பிடி) வெகு தூரம் போன பிறகும் உள்ளே தள்ள முடியவில்லை, மைலேஜ் குறைந்திருந்தது, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தது. எஞ்சின் தனக்குரிய சூட்டை எட்டாதபோது பெட்ரோல் முழுவதும் ஆவியாவதில்லை. எரியாமல் தங்கிய பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து, அங்கிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் இறங்குகிறது, ஆயில் நீர்த்துப்போகிறது, பிஸ்டன் ரிங்குகள் சீக்கிரம் தேய்கின்றன. இன்ஜெக்ஷன் வண்டிகளும் இதற்கு விலக்கல்ல. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாக சென்சார் சொல்வதை நம்பி, கண்ட்ரோல் யூனிட் பெட்ரோலைக் கூடுதலாகவே கொடுத்துக்கொண்டிருக்கும்.

புதிய தெர்மோஸ்டாட்டை வாங்கியவுடன் மாட்டிவிடவில்லை. ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் அதை நூல் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் இறக்கி, அடுப்பில் வைத்துச் சூடாக்கினேன். வால்வின் உடலில் 82 என்று பொறித்திருந்தது. தண்ணீர் அந்தச் சூட்டை நெருங்கும்வரை அசையாமல் இருந்த நடுத்தட்டு, பிறகு மெல்லக் கீழிறங்கி, கொதி வரும்போது முழுதாகத் திறந்து நின்றது. புதிய பெட்டியிலிருந்து எடுக்கும் வால்வுகளிலும் திறக்காதவை உண்டு என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

வால்வை மாட்டிய பிறகு நகரத்துக்குள் எந்தத் தொல்லையும் இல்லை. நான்குவழிச் சாலையில் வேகம் 80-ஐத் தாண்டியதும் முள் ஏறத் தொடங்கியது. முன்பு யாரோ ஏன் அந்த வால்வைக் கழற்றினார்கள் என்பது அப்போது விளங்கியது. ரேடியேட்டர் கடையில் மேல்தொட்டியின் ஈயப்பற்றை உருக்கித் திறந்து பார்த்தபோது, குழாய்களில் ஏறக்குறைய பாதி வாயடைத்துக் கிடந்தன. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு வெள்ளை ஓடாகப் படிந்து, அதன்மேல் செம்பழுப்புத் துரு ஒட்டியிருந்தது. தண்ணீர் போக வழியில்லாத ரேடியேட்டரைச் சரிசெய்யாமல், வழியில் நின்ற வால்வை எடுத்து எறிந்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். நல்ல வேளையாக அது செம்பும் பித்தளையுமான பழைய ரேடியேட்டர் என்பதால், குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மறுபடியும் பற்றவைத்துக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டரில் இப்படிச் செய்ய இயலாது; புதிதுதான் வாங்க வேண்டும்.

சேலம் உறுப்பினர் (மாருதி ஜென், 1999)

மதுரை நண்பர் கண்டதற்கு நேர் எதிரான அறிகுறி என் வண்டியில் தெரிந்தது. நெடுஞ்சாலையில் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் முள் நடுவைத் தாண்டாது. ஐந்து ரோடு சிக்னலில் நின்றால் ஏறும். இந்த வேறுபாட்டை எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். ஆகவே நிற்கும்போது மட்டும் சூடேறினால் முதலில் மின்விசிறியின் பக்கம் பார்க்க வேண்டும். வேகத்திலும் மேட்டிலும் மட்டும் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர் பம்ப், ஹோஸ் என்று தண்ணீர் போகும் வழியைப் பார்க்க வேண்டும்.

நான் முதலில் காட்டிய ஒர்க்ஷாப்பில் இதையெல்லாம் கேட்கவில்லை. தண்ணீர் பம்ப்பையும் ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிட்டு, அடுத்ததாக எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்றார்கள். மின்விசிறி சுற்றுவதை எல்லோரும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்ததால் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர்தான் செய்தித்தாள் ஒன்றைக் கிழித்து, விசிறி ஓடும்போது ரேடியேட்டரின் முன்பக்கத்தில் வைத்தார். காகிதம் ஒட்டிக்கொள்ளாமல் அவர் கையை நோக்கிப் பறந்தது. விசிறி ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் வண்டிகளில் அது முன்னிருந்து காற்றை உள்ளே இழுக்க வேண்டும். என் வண்டியிலோ எஞ்சின் அறையின் அனலை ரேடியேட்டர் வழியாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. எப்போதோ மோட்டாரை மாற்றியவர் கனெக்டரை வெட்டி, இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார். நேர்மின் மோட்டாரில் ஒயர் மாறினால் திசையும் மாறும்.

அதோடு விடாமல் அவர் மல்டிமீட்டரை எடுத்து மோட்டார் முனையில் வைத்தார். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்க, மோட்டாரில் 10-க்குச் சற்று மேலேதான் வந்தது. எர்த் ஒயர் பாடியைத் தொடும் இடத்திலிருந்த துருவைச் சுரண்டி, ரிலே ஒன்றையும் சேர்த்த பிறகு விசிறியின் சத்தமே மாறிவிட்டது. அவர் வாங்கிய கூலி, நான் வீணாக மாற்றிய தண்ணீர் பம்ப்பின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

கோவை உறுப்பினர் (பிரீமியர் பத்மினி, 1988)

மலைச்சாலையில் ஓட்டுவோருக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைப்பவர்கள் பலர். பல கார்களின் மூடியில் 0.9 (பார்) என்றோ 13 (பிஎஸ்ஐ) என்றோ ஓர் எண் பொறித்திருக்கும். அது உள்ளே எவ்வளவு அழுத்தம்வரை தாங்கிப் பிடிக்கும் என்பதைக் குறிக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்து அழுத்தம் கசிந்தால், அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடுகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குச் சற்று முன்பே கொதித்துவிடும். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறிவந்த எஞ்சின் அந்தச் சூட்டைத் தாராளமாகத் தொடும். சமவெளியில் சாதுவாக இருந்த வண்டி குன்னூர் தாண்டியதும் பொங்குவதற்கு, மிகக் குறைந்த விலையுள்ள அந்த மூடி காரணமாக இருக்கக்கூடும்.

இன்னொன்று, மேட்டில் வண்டி நின்றுவிட்டாலே எஞ்சின் சூடேறிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. என் பத்மினி மேட்டுப்பாளையம் மலைச்சாலையில் இருமி இருமி நின்றபோது முள் நடுவில்தான் இருந்தது. ரேடியேட்டரில் தண்ணீரும் குறையவில்லை. பெட்ரோல் பம்ப் எஞ்சின் பிளாக்கோடு ஒட்டியிருப்பதால், அந்தச் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட, பம்ப்பால் அதை இழுக்க முடியவில்லை. பழைய டாக்சி ஓட்டுநர்கள் பம்ப்பின்மேல் ஈரத்துணி போடுவது இதற்காகத்தான். நானும் அதைச் செய்தே ஊட்டி போய்ச் சேர்ந்தேன். ஊர் திரும்பிப் பார்த்தபோது, பம்ப்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்க வேண்டிய பேக்கலைட் கட்டை இல்லை. பம்ப்பை மாற்றியவர் அதற்குப் பதிலாக வெறும் காகித கேஸ்கெட்டை வைத்து இறுக்கியிருந்தார்.

உண்மையிலேயே கொதித்துவிட்ட வண்டியில் ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால், அலுமினிய ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்புக் கட்டையும், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் வைத்து நம் கண்முன்னே அளக்கச் சொல்ல வேண்டும். பல எஞ்சின்களில் 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. அதைத் தாண்டினால் லேத் பட்டறையில் ஃபேஸிங் செய்யாமல், அதாவது ஹெட்டின் அடிமுகத்தைச் சமமாகச் சீவாமல், புதிய கேஸ்கெட் வைப்பது வீண்செலவு. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

யாழ்ப்பாண உறுப்பினர் (ஒஸ்ரின் ஏ40)

எங்கள் ஊரில் ஒரு காலத்தில் எஞ்சினைச் சூடாக வைத்திருப்பதற்கே பாடுபட்டோம் என்பதால் இதை எழுதுகிறேன். 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைக்காமற்போனபோது, யாழ்ப்பாணத்து ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. ஆகவே பொன்னைப்போலச் சேமித்து வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் கார்புரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். எங்கள் வீட்டுக் காரின் ரேடியேற்றருக்கு முன்னால் ஐயா ஒரு காட்போட் மட்டையைச் செருகி, காற்றில் பாதியை மறித்துவிடுவார்.

மதுரை அண்ணா சொன்ன ஒயில் நீர்த்துப்போகும் விடயத்தை நாங்கள் மிகப் பெரிய அளவில் கண்டோம். எரியாத மண்ணெண்ணெய் சம்ப்பில் இறங்கி, ஒயிலின் மட்டம் குறைவதற்குப் பதிலாக நாளுக்கு நாள் உயரும். கம்பியை இரண்டு விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தால் வழுவழுப்பே இராது. பெற்றோல் தாராளமாகக் கிடைக்கும் இன்றைக்கும், யாராவது தன் காரின் ஒயில் மட்டம் கூடுகிறது என்று சொன்னால், நான் முதலில் அவருடைய எஞ்சின் போதிய சூட்டை எட்டுகிறதா என்றுதான் கேட்பேன்.

திருநெல்வேலி உறுப்பினர் (அம்பாசிடர் மார்க் 4, 1985)

அம்பாசிடரின் 1,489 சிசி பெட்ரோல் எஞ்சினில் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. ஹெட் எளிதில் வளையாது என்பது நமக்குச் சாதகம். உள்ளே துரு பிடித்துச் சேறாக இறங்குவது பாதகம். தண்ணீர் மாற்றும்போது பெரும்பாலோர் ரேடியேட்டரின் அடியிலிருக்கும் குழாயை மட்டும் திறந்துவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொரு வடிகுழாய் இருக்கிறது. அதைத் திறக்காவிட்டால் பிளாக்குக்குள் இருக்கும் பழைய தண்ணீர் அப்படியே தங்கும். என் வண்டியில் அதைத் திறந்தபோது ஒரு சொட்டுகூட வரவில்லை. மெல்லிய கம்பியால் கிளறிய பிறகு, தாமிரபரணி வெள்ளத்தின் நிறத்தில் சேறு கொழகொழவென்று இறங்கியது. தெளிந்த தண்ணீர் வரும்வரை ஹோஸ் வைத்து அலசியதில், கோடையில் பழகிப்போயிருந்த சூடு பெருமளவு அடங்கியது.

இனி கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீர் ஊற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். "நம் ஊரில் பனியா பெய்கிறது, உறைவதற்கு?" என்று கேட்கிறார்கள். நமக்கு வேண்டியது உறையாத தன்மையை விட, அதிலிருக்கும் துருத்தடுப்பு மருந்துதான். அதைக் காய்ச்சி வடித்த நீரில், டப்பாவில் சொல்லியுள்ள அளவில் கலக்க வேண்டும். அந்த மருந்தின் வீரியம் காலப்போக்கில் குறைந்துவிடுவதால், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்றிவிடுவது நல்லது.

கரூர் உறுப்பினர் (மாருதி 800, 2003)

ஐயா, ஒரு சந்தேகம். ஹெட் கேஸ்கெட் மாற்றி ஃபேஸிங்கும் செய்து வண்டியை எடுத்து வந்தேன். முள் திடீரென்று மேலே போய், தானாகவே இறங்குகிறது. ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்றுதான் வருகிறது. மறுபடியும் ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

மதுரை உறுப்பினர்

கழற்ற வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் உள்ளே காற்று அடைபட்டிருப்பதற்கே பெரும்பாலும் பொருந்துகின்றன. ஹீட்டருக்குச் சூடு தருவது எஞ்சினின் தண்ணீர்தான்; நடுவில் காற்று நின்றால் அது ஹீட்டரை எட்டாது. எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு, முன்சக்கரங்கள் மேட்டில் இருக்கும்படி வண்டியை நிறுத்தி, ஹீட்டர் பிடியைச் சூட்டுப் பக்கம் முழுதாகத் தள்ளிவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்போது மேல் ஹோஸ் சூடாகும். தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்கிக் குமிழ்கள் வரும். இறங்க இறங்க நிரப்பி, குமிழ்கள் நின்று ஹீட்டரில் சூடான காற்று வந்த பிறகு மூடியைப் போடுங்கள். அதன் பிறகு சூடான எஞ்சினில் அந்த மூடியைத் தொடாதீர்கள்.

நம் ஊரில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை என்று, சில மெக்கானிக்குகள் அதன் இரண்டு ஹோஸ்களையும் பிடுங்கி ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறார்கள். உங்கள் வண்டியில் அப்படி இருந்தால் ஹீட்டரை வைத்துக் காற்று போய்விட்டதா என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அதை முதலில் பாருங்கள். மேலே சொன்னபடி செய்த பிறகும் குமிழ்கள் நிற்காமல், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் அதிகமாகி, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த சிறிது நேரத்திலேயே மேல் ஹோஸ் கல்லைப்போல இறுகினால், சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் கசிகிறது என்று பொருள். அப்போது மெக்கானிக் சொன்னபடி ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்; ஃபேஸிங் செய்த லேத் பட்டறைக்கு நீங்களும் கூடப் போய் ஃபீலர் கேஜை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.