புதுப்பிப்பு: எட்டாம் மாதத்தில் தொலைந்த தூக்கம்

எட்டாம் மாதத்தில், ராத்திரி படுத்தாலே கால் குடைகிறது, தூக்கமே இல்லை என்று எழுதியிருந்தேன். "மாசமா இருந்தா அப்படித்தான், குழந்தை பிறந்தா சரியாகிடும்" என்று பலர் ஆறுதல் சொன்னீர்கள்.

டாக்டர் ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொன்னார். ஹீமோகுளோபின் பரவாயில்லை, ஆனால் உடம்பில் இரும்புச் சேமிப்பு குறைவு. இந்தக் குடைச்சலுக்கு அது ஒரு முக்கியக் காரணம். இரும்பு மாத்திரையைக் கூட்டி, டீ காபியோடு போடக் கூடாது என்றார். மெல்லக் குடைச்சல் அடங்கியது.

பிரசவத்துக்குப் பிறகு வந்தது வேறு. பாப்பா பால் குடித்துத் தூங்கிவிடுவாள், அம்மா தன் பக்கத்தில் போட்டுக்கொள்வார். நான் மட்டும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். மூச்சு விடுகிறாளா என்று எழுந்து எழுந்து போய் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். குழந்தை எழுப்பித் தூக்கம் கெடுவது எல்லோருக்கும் உள்ளது. குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லையென்றால் அது மனச்சோர்வாகவோ பதற்றமாகவோ இருக்கலாம். தயவுசெய்து சாதாரணம் என்று விட்டுவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் எடின்பரோ கேள்வித்தாள் கொடுத்தார்கள், பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க. 1987-இல் வந்தது, 10 கேள்விகள், கடந்த 7 நாட்களைப் பற்றி. தூக்கத்துக்கென்றே ஒரு கேள்வி உண்டு. மதிப்பெண் கூடுதலாக வந்ததால் இப்போது கவுன்சலிங் போகிறேன். ராத்திரி ஒரு வேளை, எடுத்துவைத்த பாலை என் கணவர் கொடுக்கிறார். அந்த நேரம் சேர்ந்தாற்போலத் தூங்குகிறேன்.

தூக்க மாத்திரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். பால் கொடுக்கும்போது டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். நேரில் போக முடியாதவர்களுக்கு டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு.