மறு: மறு: எழுத்தைக் கலைக்கச் சொல்லும் சொல்லுக்கு ஒரு பெயர் – திங்கட்கிழமைக்குள்

கரூர் டீச்சர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் தமிழ் மன்றத்தில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சங்கேதக் குறுக்கெழுத்து பழகுகிறார்கள். (குறிப்பின் ஒரு பகுதி விடையின் பொருளைச் சொல்லும், மறுபகுதி அதன் எழுத்துகளை ஒளித்துத் தரும். அடைப்பில் இருப்பது விடையின் எழுத்தெண்ணிக்கை.) கரும்பலகையில் ஒரு குறிப்பை எழுதிவிடுவேன். வகுப்பே சேர்ந்து அவிழ்க்கும். கடைசியாக எழுதியது இது:

தகவு குலைந்தால் வாசலை அடைப்பது (3)

முதல் பெஞ்சு "துக்கம்" என்றது. மானம் போனால் வாசலை அடைத்துக்கொண்டு உட்காருவார்களாம். அது நாலெழுத்து என்றேன். நடு பெஞ்சில் ஒரு பெண் "கோலம்" என்றாள். மூன்றெழுத்துதான், மார்கழியில் வாசலை அடைக்கவும் செய்யும். ஆனால் தகவு எங்கே போயிற்று என்று பக்கத்தில் இருந்தவளே மடக்கிவிட்டாள். கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன் நோட்டுத்தாளில் த, க, வு என்று எழுதிக் கிழித்து, மூன்று துண்டையும் மேசையில் நகர்த்திக்கொண்டே இருந்தான். "கதவு!" என்று அவன் கத்தியதும் வகுப்பே எழுந்து நின்றது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். 'வாசலை அடைப்பது' என்பதை நேர்ப்பொருள் என்று சொல்லிவிட்டேன். 'தகவு' சரக்கு. (சரக்கு என்றதும் கடைசிப் பெஞ்சு சிரித்தது. அதற்கும் ஒரு சொல் தந்தால் நல்லது.) எழுத்தை இடம் மாற்றச் சொல்லும் 'குலைந்தால்' என்பதற்கு என்ன பெயர்? ஆங்கிலக்காரர்கள் அனாகிராம் இண்டிகேட்டர் என்கிறார்கள். கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பிள்ளைகள் வாயில் நுழைகிற மாதிரி ஒன்று சொல்லுங்கள்.

கட்டற்றவன் எழுதியது:

'கலைப்புச் சுட்டி'. சீட்டைக் கலைத்துப் போடு என்றுதானே எல்லாரும் சொல்கிறோம்? எங்கள் மென்பொருள் மொழிபெயர்ப்புப் பட்டியலில் இண்டிகேட்டருக்குச் சுட்டி, காட்டி இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. இழையை முடித்துவிடலாமா?

ஓலைச்சுவடி எழுதியது:

> இழையை முடித்துவிடலாமா?

முடியாது தம்பி.

சுட்டி என்றால் லிங்க் என்று இதே குழுவில் வாதாடியவர் நீங்கள். அதற்கு முன்னால் மவுஸ் என்றீர்கள். "அ இ உம் முதல் தனிவரின் சுட்டே" என்று நன்னூலார் மூன்றே எழுத்துக்குக் கொடுத்ததை இன்னும் எத்தனை பொருளுக்குக் கொடுப்பீர்கள்? எங்கள் வீட்டில் பேத்தியும் சுட்டிதான்.

கலைப்பும் ஆகாது. கலைதல், குலைதல், அலைதல், உலைதல் எல்லாம் நிலைகெடுதல் என்ற பொருளில் ஓரினம். ஆண்மானுக்குக் கலை என்று பெயர்; கூட்டம் சிதறி ஓடுவதால் வந்தது என்பேன். நிலவின் கூறும் கலை. தேய்ந்து பிரிவதால் வந்தது என்பேன். ஆடைக்கும் அப்பெயர் உண்டு. அது ஏன் என்று தனியே எழுத வேண்டும். ஆக, கலைச்சொல் என்பதே 'பொதுவழக்கிலிருந்து பிரித்தெடுத்த சொல்' என்பது என் துணிபு. வடமொழிக் கலா வேறு, இது வேறு என்பேன். விரிவாக எழுதி இணைத்திருக்கிறேன்.

நான் முன்வைப்பது: 'நிலைமாற்றுக் கிளவி'. கிளவி என்றால் சொல். தசை–சதை, விசிறி–சிவிறி, ஞிமிறு–மிஞிறு என்று எழுத்துகள் நிலைமாறி நிற்பதை உரையாசிரியர்கள் எப்போதோ கண்டு சொல்லிவிட்டார்கள். உங்கள் அனாகிராம் அதுதான்.

கட்டற்றவன் எழுதியது:

ஐயா, இணைப்பு திறக்கவில்லை. பழைய எழுத்துருவில் இருக்கிறது, யூனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள்.

அப்புறம், கிளவி என்று கையேட்டில் போட்டால் வகுப்பு முழுக்கக் கிழவி என்று படிக்கும். டீச்சரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தவிர, தசை சதையாவதில் பொருள் மாறவில்லை. தகவு கதவாவதில் பொருள் எங்கேயோ போய்விடுகிறது. இரண்டும் ஒன்றா?

வடமராட்சியான் எழுதியது:

ரொறன்ரோவிலிருந்து வணக்கம்.

எங்கட பக்கம் விடுகதையை நொடி எண்டுதான் சொல்லுறது. நொடி போடுறது, நொடி அவிழ்க்கிறது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இங்கத்தைப் பிள்ளையளுக்கு டீச்சரின் குறிப்பைக் கொடுத்தேன். கதவைக் கண்டுபிடித்துவிட்டார்கள், தகவு என்றால் என்ன எண்டுதான் கேட்டார்கள். "தக்கார் தகவிலர்" குறளைச் சொல்லி, தகுதி, நேர்மை எண்டு விளங்கப்படுத்தினேன்.

என்ரை யோசனை: 'குழப்படிச் சொல்'. குழப்படிப் பிள்ளை எண்டால் ஒரு இடத்தில் இராத பிள்ளை. எழுத்துகளை இருந்த இடத்தில் இருக்க விடாத சொல்லுக்கு இதைவிடப் பொருத்தம் ஏது?

தாமிரபரணி எழுதியது:

எங்கள் ஊரில் விடுகதைக்கு அழிப்பாங்கதை என்று பெயர். விடை சொல்லிவிட்டால் 'அழிச்சுட்டான்' என்போம். குழப்படி இந்தப் பக்கம் போகாது. கலவரம் என்று நினைப்பார்கள்.

கலைப்பு என்ற சொல்லைக் கேட்டால் தமிழ்நாட்டில் வேறு ஒன்று நினைவுக்கு வரும் என்பதை யாரும் சொல்லவில்லையே. 1976, 1980, 1991.

கட்டற்றவன் எழுதியது:

1988ஐ விட்டுவிட்டீர்கள்.

மட்டுறுத்துநர் எழுதியது:

ஆட்சிக் கலைப்புக்கான 356ஆம் பிரிவைப் பற்றிப் பேச வேறு குழுக்கள் இருக்கின்றன.

கட்டம்போடுபவர் எழுதியது:

நான் பல ஆண்டுகளாகக் குறிப்பு எழுதுகிறவன். ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். கலைப்பு, நிலைமாற்று இரண்டுமே பிறவினை. அந்தச் சொற்கள் ஆகாததற்கு முதல் காரணம் அதுதான்.

ஆங்கிலத்தில் ஒரு சொல்லை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் 'உடைந்த' என்று பொருள்படும் சொல்லைப் போட்டால் வேலை முடிந்தது. சொல்லின் எழுத்து அசையாது. தமிழில் பிறவினை வந்தால் செயப்படுபொருள் கேட்கும். ஐ வந்து ஒட்டிக்கொள்ளும். 'தகவைக் குலைத்தால்' என்று எழுதிப் பாருங்கள். கையில் இருப்பது த, க, வை, கூடவே வலி மிகுந்து வந்த ஒரு க். இதைத் தலைகீழாக உலுக்கினாலும் கதவு விழாது. 'தகவு குலைந்தால்' என்று தன்வினையில் சொல்லும்போதுதான் மூன்று எழுத்தும் பழுதில்லாமல் கிடைக்கின்றன. சிதற, உடைய, புரள, கலங்க, தடுமாற, சீர்கெட்டு என்று என் நோட்டில் உள்ள பட்டியல் முழுக்கத் தன்வினை.

1949இல் ஆஃப்ரிட் என்ற புனைபெயர்க்காரர் புதிர் போடுகிறவனுக்கு ஒரு விதி வகுத்தார்: நீ சொல்வது உன் மனத்தில் உள்ளதாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் உன் மனத்தில் உள்ளதை நீ சொல்லியே ஆக வேண்டும். தகவு குலைவதைப் பற்றிக் கவலைப்படுகிற மாதிரி எழுதலாம், அதில் பொய் இருக்கலாம். ஆனால் த, க, வு என்ற எழுத்துகள் அங்கே இருந்தாக வேண்டும். 'தகவை' என்று எழுதிவிட்டு 'தகவு' என்று எடுத்துக்கொள் என்பது அழுகுணி ஆட்டம்.

அதனால் என் வாக்கு 'கலைவுக்குறி'. கலைப்பு இல்லை, கலைவு.

ஓலைச்சுவடி எழுதியது:

> தமிழில் பிறவினை வந்தால் செயப்படுபொருள் கேட்கும். ஐ வந்து ஒட்டிக்கொள்ளும்.

'பால் குடித்தான்' என்பதில் ஐ எங்கே? இரண்டாம் வேற்றுமைத் தொகையை மறந்துவிட்டீரா? 'தகவு குலைத்தால்' என்று தாராளமாக எழுதலாம். அஃறிணைப் பொருளுக்கு உருபு தொகும், வலியும் மிகாது.

ஆஃப்ரிட் இருக்கட்டும். தண்டியலங்காரம் சித்திரகவி என்னும் சொல்விளையாட்டுப் பாட்டுகளில் வினாவுத்தரம் என்று ஒன்றைச் சொல்கிறது. அதன் எடுத்துக்காட்டு வெண்பாவைப் பாருங்கள். பூமகள் யார்? திரு. போகிறவனை அனுப்புகிறவன் என்ன சொல்வான்? ஏகு. போரிடும் சரத்துக்குப் பெயர்? அம்பு. அழகுக்கு? அம். பிறைசூடிய பெருமான் விரும்பி உறையும் இடம்? நாலையும் சேர்த்தால் திருவேகம்பம்; காஞ்சிபுரத்துக் கோயில். கடைசிக் கேள்வி உங்கள் நேர்ப்பொருள், முன்னால் வந்தவை உறுப்புகள். டார்க்கமாடா என்பவர் 1926இல் அப்சர்வர் பத்திரிகையில் இந்த வகைப் புதிரைத் தொடங்கியதாகக் கொண்டாடுகிறீர்கள். நம்மவர் சோழர் காலத்திலேயே போட்டுவிட்டார்கள்.

கட்டம்போடுபவர் எழுதியது:

'பால் குடித்தான்' சரி. 'தகவு குலைத்தால்' என்று எந்தப் பையன் பேசுவான்? குறிப்பு இயல்பான வாக்கியமாகக் காதில் விழுந்தால்தான் ஏமாறுவான். தொகையாக எழுதினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று மோப்பம் பிடித்துவிடுவான்.

வினாவுத்தரம் எனக்கு உயிர். ஆனால் அதைக் கட்டத்தில் போட்டுப் பாருங்கள் ஐயா: தி, ரு, வே, க, ம், ப, ம். ஏழு கட்டம். நீங்கள் தந்த உறுப்புகளில் உள்ள ஏ, கு, அ, பு ஆகியவை எந்தக் கட்டத்திலும் இல்லை. ஏகாரத்துக்கு முன் வகர உடம்படுமெய் வந்துவிட்டது, இரண்டு உகரமும் ஓடிவிட்டன. செவிக்கு அது புதிர். கண்ணுக்கு, ஒரு கட்டத்துக்கு ஓரெழுத்து என்று வைத்துக்கொண்டால், ஆட்டம் செல்லாது.

ஓலைச்சுவடி எழுதியது:

"உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்" என்பது விதி. விதிப்படி ஓடினதைச் செல்லாது என்றால், செல்லாதது உம்முடைய கட்டம்தான்.

கரூர் டீச்சர் எழுதியது:

ஐயா, இந்தத் திருவேகம்பத்தை அப்படியே வகுப்புக்கு எடுத்துப் போகிறேன். குற்றியலுகரப் புணர்ச்சியை நான் நடத்தியபோது தூங்கினவர்கள் இதற்கு விழித்துக்கொள்வார்கள். புணர்ச்சியை அனுமதிக்கலாமா கூடாதா என்பதை அவர்களே அடித்துக்கொண்டு தீர்க்கட்டும்.

எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. கலைவுக்குறி பிடித்திருக்கிறது. ஆனால் குறி என்று முடிகிற சொல்லைப் பதினொன்றாம் வகுப்பில் உரக்கச் சொல்ல வேண்டியவள் நான்தான்.

வடமராட்சியான் எழுதியது:

நிறுத்தற்குறி, மேற்கோள்குறி எல்லாம் சொல்லித்தானே குடுக்கிறீங்கள்?

கரூர் டீச்சர் எழுதியது:

அது உண்மைதான்.

கட்டம்போடுபவர் எழுதியது:

குறி இருந்தால் இன்னொரு வசதி. இதை எல்லாரும் சேர்ந்து போடுங்கள்:

பாவம் புலி, உள்ளே ஒளிந்திருப்பது வீண்சண்டை (3)

தாமிரபரணி எழுதியது:

'ரகளை'? மூன்றெழுத்து. ஆனால் புலிக்குள் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

கட்டற்றவன் எழுதியது:

புலிக்குள் இருப்பதே இரண்டெழுத்து. பாவத்தையும் சேர்க்க வேண்டும். பா, வ, ம், பு, லி. இரண்டு ஓரத்தையும் தள்ளினால்…

வடமராட்சியான் எழுதியது:

வம்பு!

ஓலைச்சுவடி எழுதியது:

கரந்துறைச் செய்யுளின் பேரன். அதில் ஒரு பாட்டின் எழுத்துகள் இன்னொரு பாட்டுக்குள் மறைந்து கிடக்கும். நன்று.

கட்டம்போடுபவர் எழுதியது:

பார்த்தீர்களா, இதில் 'உள்ளே ஒளிந்திருப்பது' என்பதற்கும் ஒரு பெயர் வேண்டும். கரப்புக்குறி. முதலெழுத்தை வெட்டச் சொன்னால் வெட்டுக்குறி. 'தலைபோன கவலையில் மீன் மாட்டும்' என்றால் வலை. ஒரு குடும்பமாகப் பெயர் வைத்தால் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கும். குழப்படிக்கு இந்தக் குடும்பத்தில் இடம் இல்லை, மன்னியுங்கள்.

கட்டற்றவன் எழுதியது:

ஞாயிறு இரவு ஆகிவிட்டது. கலைவுக்குறிக்குக் கைதூக்குபவர்கள் தூக்குங்கள். நான் தூக்கிவிட்டேன், என் கலைப்பைக் கைவிட்டு.

தாமிரபரணி எழுதியது:

தூக்கியாச்சு. தூக்கம் வருகிறது.

வடமராட்சியான் எழுதியது:

அரை மனதோடு. எங்கட வகுப்பில் குழப்படி எண்டே சொல்லுவன்.

கரூர் டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கையேட்டில் கலைவுக்குறி என்று போட்டுவிட்டேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. வெள்ளிக்கிழமையே பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள்: சிதறுகாய். பள்ளிக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் உடைக்கிறார்களே, அது. "மிஸ், இதில் சிதறுகாய் எங்கே?" என்றுதான் கேட்கிறார்கள். அதையும் அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

ஓலைச்சுவடி எழுதியது:

பிள்ளைகள் அழகாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தவறான இடத்தில் வைத்திருக்கிறார்கள். சிதறுகாய் என்பது உடைபடுவது. இந்தக் குறிப்பில் உடைபடுவது தகவு. 'குலைந்தால்' உடைக்கச் சொல்லும் குரல், அது காயாகாது. ஆகவே, நீங்கள் சரக்கு என்று சொல்லிச் சிரிப்புக்கு இடம் கொடுத்தீர்களே, அதற்குச் சிதறுகாய் என்று பெயர் வையுங்கள்.

கலைவுக்குறிக்கு என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கரூர் டீச்சர் எழுதியது:

ஐயா! சரக்கை அடித்துவிட்டுச் சிதறுகாய் என்று மாற்றிவிட்டேன். அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று.

கட்டற்றவன் எழுதியது:

பட்டியலில் ஏற்றிவிட்டேன்.

சிதறுகாய்: கலைக்கப்பட வேண்டிய எழுத்துகள்.
கலைவுக்குறி: கலைக்கச் சொல்லும் சொல். மாற்று வடிவங்கள்: குழப்படிச் சொல் (ஈழ வழக்கு), நிலைமாற்றுக் கிளவி (ஒருவர்).

ஓலைச்சுவடி எழுதியது:

> நிலைமாற்றுக் கிளவி (ஒருவர்)

ஒருவர் என்று போட்டது சரியல்ல. காலை நடையில் இரண்டு நண்பர்களிடம் கேட்டேன். இருவரும் என் பக்கம்தான். திருத்திவிடவும். கட்டுரையை யூனிகோடுக்கு மாற்றி மறுபடி இணைத்திருக்கிறேன். ஆடைக்குக் கலை என்ற பெயர் வந்த காரணமும் அதில் உண்டு.